டாக்டர் பதில்கள்: அந்த ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்தபோது ஒரு விஷயம் மனதை உறுத்தியது. மங்கு, படர்தாமரை, பரு என்று ஆளுக்கொரு தொந்தரவு. ஆனால் பல கடிதங்களின் நடுவில் "மெடிக்கலில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன்" என்ற வரி இருக்கிறது. மதுரையில் இருபத்திரண்டு வருடமாகத் தோல் நோய்க்கு வைத்தியம் பார்க்கிறேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை மாதக் கஷ்டம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கடிதங்களுக்கு இந்த முறை கூடுதல் இடம் எடுத்துக்கொள்கிறேன்.

*"எனக்கு 38 வயது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. தோழி சொன்ன க்ரீமை மெடிக்கலில் வாங்கிப் போட்டேன். ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு வருடமாகப் போடுகிறேன். இப்போது ஒருநாள் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறது, பொடிப்பொடியாகப் பரு வருகிறது, மேல் உதட்டில் முடி வளர்கிறது. என்ன செய்வது டாக்டர்?"*
— தேனி வாசகி

அம்மா, முதலில் பயத்தை விடுங்கள். இது சரியாகும். ஆனால் சரியாவதற்குச் சில மாதங்கள் ஆகும், அதில் முதல் சில வாரங்கள் கஷ்டமாக இருக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால், நடுவில் எரிச்சல் தாங்காமல் நீங்கள் அதே ட்யூபைத் திரும்ப எடுத்துவிடுவீர்கள்.

நீங்கள் பெயர் எழுதிய க்ரீமில் மூன்று மருந்துகள் உள்ளன. ஹைட்ரோகுவினோன், தோல் நிறமி உருவாவதைத் தடுக்கிறது. ட்ரெட்டினாயின், மேல்தோல் சீக்கிரம் உதிர்ந்து புதுப்பிக்க உதவுகிறது. மூன்றாவது மொமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு. மற்ற இரண்டும் உண்டாக்கும் எரிச்சலை அடக்கத்தான் அது. இந்த மாதிரி மூன்றையும் கலக்கும் முறையை 1975-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் எழுதிவைத்தார். நல்ல மருந்துதான், நானே எழுதித் தருகிறேன். ஆனால் இரவில் மட்டும், மங்கு இருக்கும் இடத்தில் மட்டும், அதிகம் போனால் எட்டு வாரம், இடையில் என்னிடம் முகத்தைக் காட்டிவிட்டுத்தான். இரண்டு வருடம் பவுடர் மாதிரி முகம் முழுக்கப் போடுவதற்கான பொருள் இல்லை அது.

நாளாக ஆக ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். அடியில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து வெளியே தெரியும், முடி வளரும், பரு வரும். போடும்வரை அது எல்லாவற்றையும் அடக்கி வைத்திருக்கும். நிறுத்தியதும் அடங்கியிருந்த சிவப்பும் எரிச்சலும் மொத்தமாகக் கிளம்பும். அதைப் பார்த்து "க்ரீம் போடாததால்தான் இப்படி" என்று நினைத்து மறுபடி போடுகிறோம். முகம் அந்தக் க்ரீமுக்கு அடிமையாவது இப்படித்தான். ஹைட்ரோகுவினோனையும் வருடக்கணக்கில் போட்டால் சிலருக்கு நீலம் கலந்த கருப்பாக ஒரு நிறம் தோலில் இறங்கிவிடும். அதை எடுப்பது மங்கை எடுப்பதைவிடக் கடினம்.

போன ஐப்பசியில் ஒரு அம்மா மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்து, காலியான ட்யூப்களை என் மேசையில் கொட்டினார். பதினொன்று இருந்தன. "ஒருத்தரும் எனக்கு வேண்டாம்னு சொல்லலையே" என்று அழுதார். அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் இதுதான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. அருகில் உள்ள தோல் மருத்துவரிடம் அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு போங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலேயே பார்க்கலாம். திடீரென நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை உங்கள் முகத்தைப் பார்த்து அவர் முடிவு செய்வார். எரிச்சலைத் தாங்க டாக்ரோலிமஸ் களிம்போ டாக்சிசைக்ளின் மாத்திரையோ தரலாம். அதுவரை ஃபேஷியல், ஸ்க்ரப், ஆவி பிடிப்பது, எலுமிச்சை எதுவும் வேண்டாம். மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், இந்த மூன்று போதும்.

சன்ஸ்க்ரீனில் ஒரு சங்கதி. மங்குக்கு வெயிலின் புற ஊதாக்கதிர் மட்டும் காரணமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் காரணம். அதனால் தோல் நிறத்திலேயே வரும், இரும்பு ஆக்ஸைடு கலந்த சன்ஸ்க்ரீனைக் கேட்டு வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்துப் போதுமான அளவு. மிளகளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அடுப்படிச் சூடும் மங்கைக் கூட்டும், கருத்தடை மாத்திரையும் கூட்டலாம். மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மங்குக்குத் தரும் ட்ரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரையை ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்கள் சாப்பிடக்கூடாது, கருத்தடை மாத்திரை அந்த ஆபத்தைக் கூட்டலாம்.

முகம் தேறிய பிறகு அசிலெயிக் ஆசிட் மாதிரி மிதமான மருந்தால் மங்கைக் குறைக்கலாம். குறையும் என்றுதான் சொல்கிறேன். அடியோடு போய் திரும்பவே வராது என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

*"வயது 26. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, ஒரே அறையில் ஐந்து பேர் தங்கியிருக்கிறோம். தொடையிலும் இடுப்பிலும் படர்தாமரை. க்ரீம் போட்டால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் இன்னும் பெரிய வட்டமாக வருகிறது. ஒரு வருடமாக இதே கதை."*
— திருப்பூர் வாசகர்

தம்பி, அந்த ட்யூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் கண்டிப்பாக இருக்கும். எல்லாம் ஸ்டீராய்டு. பூஞ்சையோடு நம் உடம்பு சண்டை போடுவதால்தான் அரிப்பும் சிவப்பும். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது, பூஞ்சை வசதியாகப் பரவுகிறது. நின்றது அரிப்பு மட்டும்தான், நோய் இல்லை.

பத்து வருடத்துக்கு முன்பு வரை படர்தாமரை எங்களுக்குச் சாதாரண விஷயம். டெர்பினாஃபின் இரண்டு வாரம் கொடுத்தால் போய்விடும். இப்போது அப்படி இல்லை. 2020-இல் ஜப்பானில் சிகிச்சைக்கு வந்த இந்திய, நேபாள நோயாளிகளிடம் எடுத்த பூஞ்சைக்கு 'ட்ரைக்கோபைட்டன் இண்டோடினியே' என்று புதுப்பெயர் வைத்தார்கள். பெயரிலேயே இந்தியா இருக்கிறது. டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படாத வகை அதில் நிறைய. அதனால் இட்ராகொனசோல் போன்ற மாத்திரையும் ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் சேர்த்து ஒன்றரை, இரண்டு மாதம்கூட ஆகலாம். தடம் மறைந்த பிறகும் மருத்துவர் சொல்லும் நாள்வரை நிறுத்தக்கூடாது. களிம்பை வட்டத்துக்கு மேல் மட்டும் இல்லாமல், விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசுங்கள்.

அறையில் அரிப்பு உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் வைத்தியம் எடுக்க வேண்டும். துண்டு ஆளுக்கொன்று. உள்ளாடையை வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரியும்படி வெயிலில் காயப்போடுங்கள். அப்புறம், இடுப்பில் அரைஞாண் கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். வீட்டில் அம்மா வருத்தப்படுவார்கள், தெரியும். ஈரத்திலேயே இருக்கும் அந்தக் கயிற்றில் பூஞ்சை தங்கிவிடுகிறது. குணமானதும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

*"என் மகளுக்கு 19 வயது. பின்கழுத்து கருத்து, தடித்துப் போயிருக்கிறது. சரியாகத் தேய்த்துக் குளிப்பதில்லை என்று திட்டுகிறேன். சமையல் சோடாவும் எலுமிச்சையும் தேய்த்ததில் புண்ணானதுதான் மிச்சம்."*
— நாகர்கோவில் வாசகி

இனிமேல் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள் அம்மா. அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் அதன் அளவு கூடும்போது கழுத்து, அக்குள் மடிப்புகளில் தோல் இப்படித் தடித்துக் கருக்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். சோடாவை நிறுத்துங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), தைராய்டு பாருங்கள். மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள், நீர்க்கட்டி பிரச்சினையிலும் இது வரும். உடல் எடை கூடுதலாக இருந்து, அது குறைந்தால் கழுத்தும் தெளியும். சீக்கிரம் கவனித்தால் பின்னால் சர்க்கரை நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். அதனால் க்ரீம் தேடுவதைவிட ரத்தப் பரிசோதனைக்கு முதலில் போங்கள்.

*"நாற்பது நாளில் கல்யாணம். பார்லரில் குளுட்டாதயோன் ட்ரிப், கெமிக்கல் பீல், லேசர் முடி நீக்கம் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜ் சொல்கிறார்கள். செய்யலாமா?"*
— சேலம் வாசகி

குளுட்டாதயோன் ட்ரிப் வேண்டாம். நிறம் மாற்ற நரம்பில் ஏற்றிக்கொள்ளும் அளவுக்கு அதற்கு ஆதாரமும் இல்லை, அங்கீகாரமும் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசின் மருந்துத் துறை 2011-லேயே இதைப் பற்றி எச்சரித்தது.

லேசர் முடி நீக்கம் நல்ல சிகிச்சை, ஆனால் நாற்பது நாளில் முடியாது. நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முதல் எட்டு முறை செய்ய வேண்டும். முடியில் உள்ள கருப்பு நிறமியைத்தான் லேசர் தேடிப் பிடிக்கிறது. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதால், தெரியாதவர் கையில் தோல் சுட்டுவிடும். மாநிறத்துக்கும் கருப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர் பாதுகாப்பானது. எந்த லேசர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் படுக்காதீர்கள்.

பீல், அதாவது ரசாயனம் பூசி மேல்தோலை உரிப்பது, வேண்டுமென்றால் மிதமான ஒன்றை மருத்துவரிடம் இப்போதே செய்துகொள்ளுங்கள். கடைசி பீலுக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு வாரம் இருக்கட்டும். கல்யாண வாரத்தில் முகத்துக்குப் புதிதாக எதையும் போடாதீர்கள். மருதாணி சிவக்கட்டும். ஒரு மணி நேரத்தில் கருப்பாகப் பிடிக்கும் மெஹந்தி கோனை மட்டும் தொடாதீர்கள். தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பாரா ஃபினைலின் டைஅமைன் அதில் கலந்திருக்கும். கை முழுக்கக் கொப்பளத்தோடு மணமேடை ஏறிய பெண்ணுக்கு நான் மருந்து கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் தங்கச்சி, உங்கள் கடிதத்தில் "இப்போது கொஞ்சம் கருப்பு" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வெயிலில் அடி வாங்கிய தோலை அதன் சொந்த நிறத்துக்குக் கொண்டுவர என்னால் உதவ முடியும். பிறந்த நிறத்தை மாற்ற முடியாது, அது மாற்ற வேண்டிய நோயும் இல்லை.

*"எனக்கு 61 வயது. நெற்றியில் பொட்டு வைக்கும் இடம் வட்டமாக வெளுத்துவிட்டது. வெண்புள்ளி நோயா? தொட்டால் ஒட்டுமா? பேத்தியைத் தூக்கவே பயமாக இருக்கிறது."*
— காரைக்குடி வாசகி

பேத்தியை இன்றைக்கே தூக்கிக் கொஞ்சுங்கள். வெண்புள்ளியாகவே இருந்தாலும் அது யாருக்கும் ஒட்டாது.

உங்களுக்கு ஸ்டிக்கர் பொட்டின் பசைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பசையில் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் நிறமியை உண்டாக்கும் செல்களைக் கொன்றுவிடும். ஸ்டிக்கர் பொட்டை முழுவதும் விட்டுவிடுங்கள், கொஞ்சம் தள்ளி வைத்தால் அந்த இடமும் வெளுக்கும். சீக்கிரம் நிறுத்தினால் பலருக்கு நிறம் திரும்புகிறது. இல்லையென்றாலும் மருந்து இருக்கிறது. வேறு இடத்தில் புதிதாக வெள்ளை வந்தால் உடனே காட்டுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சுத் திரியால் அந்த இடத்தைத் தொடச் சொல்லுங்கள். தொடுவது தெரிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தெரியாமல் மரத்திருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஒரு வருடமோ சாப்பிட்டால் முழுதாகக் குணமாகும். சோதித்துப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள் அம்மா.