மெழுகு ஜாக்கெட்டும் அப்பாவின் யெஸ்டியும்

கேள்வி: அப்பாவின் பழைய யெஸ்டி பைக்கில் ஏற்காடு போக, அந்தக் காலத்து பாணியில் மெழுகு பூசிய காட்டன் ஜாக்கெட் வாங்க ஆசை. நம்ம ஊருக்குச் சரிப்படுமா?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: அஸ்தம்பட்டி தாண்டுவதற்குள் வெந்துவிடுவீர்கள், தம்பி! அது இங்கிலாந்து மழைக்குப் பிறந்த உடுப்பு. அங்கே இந்த ஜாக்கெட்டுக்குப் பேர்போன பார்பர் கம்பெனி தொடங்கியதே 1894-ல். அடிவாரம்வரை பையில் இருக்கட்டும், மேலே குளிர் தட்டியதும் போடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் மெழுகு போச்சு. ஈரத்துணியால் துடைத்தால் போதும். விழுந்தால் காக்காது, முழங்கைக்குத் தனி பேட் வேண்டும்.

எனக்கு வண்டி மேல்தான் கவலை. 20 கொண்டை ஊசி வளைவு இறக்கம். பழைய யெஸ்டியின் டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகும்; ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி கியரிலேயே இறங்கினால் ஆயில் போதாமல் பிஸ்டன் காயும். இடையிடையே லேசாக முறுக்குங்கள். பிரேக் கேபிளை முந்தின நாளே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.