தரைக்கு வந்து சேரும் வெயில் எவ்வளவு? புவி மங்கல் பற்றிய கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை புவி மங்கலை, அதாவது தரைக்கு வந்து சேரும் வெயில் பல பத்தாண்டுகளாகக் குறைந்ததை, பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சூரியனே மங்கி வருகிறதா?

இல்லை. வளிமண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் என்ற அளவில் வந்து சேரும் ஆற்றலைச் செயற்கைக்கோள்கள் 1978 முதல் அளந்து வருகின்றன. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சியில் அது ஏறி இறங்குவது ஏறத்தாழ 0.1 சதவீதம்தான். குறைந்திருப்பது, வளிமண்டலத்தைக் கடந்து தரையைத் தொடும் பங்குதான்.

கேள்வி: 1950-க்குப் பிறகு சூரிய ஒளி 22 சதவீதம் குறைந்துவிட்டதாகப் படித்தேன். இப்படியே போனால் பயிர்கள் விளையாமல் போக இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகும்?

எங்கே குறைந்தது, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை குறைந்தது என்ற இரண்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த 22 சதவீதம் இஸ்ரேலில் ஜெரால்டு ஸ்டான்ஹில் என்ற ஆய்வாளர் கண்டது. 1950-களின் பதிவுகளோடு பின்னைய பத்தாண்டுகளை ஒப்பிட்டுச் சொன்னது. அதை உலகத்துக்கே பொருத்துவது தவறு. பல நாட்டு நிலையங்களைச் சேர்த்துப் பார்த்த பேட்டே லீப்பர்ட், 1961 முதல் 1990 வரையில் சுமார் 4 சதவீதம் என்றார். ஸ்டான்ஹில்லும் ஷப்தாய் கோஹனும் 2001-இல் செய்த தொகுப்பில் பத்தாண்டுக்கு 2.7 சதவீதம் என்று வந்தது. இரண்டுமே நிலப்பகுதி நிலையங்களைச் சார்ந்தவை. கடலின் மேல் நீண்டகாலப் பதிவு மிகக் குறைவு. நிலையங்கள் பெரும்பாலும் நகரங்களை ஒட்டி அமைந்திருப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்: மக்கள்தொகை மிகுந்த இடங்களில் காணப்பட்ட சரிவு, மற்ற இடங்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம்.

"இப்படியே போனால்" என்பதும் பொருந்தாது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 1980-களின் பிற்பகுதியிலிருந்து போக்கு திரும்பிவிட்டது. காற்றுத் தூய்மைச் சட்டங்களுக்குப் பிறகு அங்கே தரைக்கு வரும் வெயில் மீண்டும் கூடியதை மார்ட்டின் வில்டும் அவருடைய குழுவினரும் 2005-இல் எடுத்துக்காட்டினார்கள். ஓரிடத்தில் மங்கல் தொடர்ந்த அதே ஆண்டுகளில் வேறோர் இடத்தில் தெளிவு கூடியது.

கேள்வி: கண்ணுக்கே தெரியாத துகள்கள் இவ்வளவு ஒளியைத் தடுப்பது எப்படி?

இரண்டு வழிகளில். கந்தகம் கலந்த எரிபொருளை எரிக்கும்போது உண்டாகும் சல்பேட் துகள்கள் ஒளியைச் சிதறடித்து ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பி அனுப்புகின்றன. கரித்துகள் ஒளியை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. இது நேரடி விளைவு. மற்றது மேகத்தின் வழியாக நடப்பது: அதே அளவு நீர், துகள்கள் மிகுந்த காற்றில் எண்ணிக்கையில் அதிகமான, அளவில் சிறிய துளிகளாகப் பிரிகிறது, அத்தகைய மேகம் கூடுதல் வெண்மையுடன் கூடுதல் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. 1970-களில் ஷான் டூமி விளக்கிய இந்த மேக விளைவுதான் இன்றும் கணிப்பதற்கு மிகவும் கடினமானது.

கேள்வி: வெயில் குறைந்திருந்தால் பூமி சூடானது ஏன்?

தரைக்கு வரும் வெயில் கணக்கின் ஒரு பக்கம் மட்டுமே. பசுங்குடில் வாயுக்கள் தரையிலிருந்து வெளியேறும் வெப்பத்தைத் தடுக்கின்றன. இந்தத் தடை இரவிலும் ஓய்வதில்லை. மங்கல் வலுத்திருந்த பத்தாண்டுகளில் இரவு வெப்பநிலை பகல் வெப்பநிலையைவிட வேகமாக உயர்ந்தது இதனோடு நன்றாகப் பொருந்துகிறது. காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டரசுக் குழுவின் ஆறாவது அறிக்கைப்படி, பசுங்குடில் வாயுக்களால் மட்டும் சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் கூடியிருக்க வேண்டும். துகள்கள் அதில் சுமார் 0.4 டிகிரியை மறைத்துவிட்டதால், 2010-களில் நாம் கண்டது ஏறத்தாழ 1.1 டிகிரி.

கேள்வி: என் சூரிய மின்தகடுகளின் உற்பத்தி மூன்றாண்டுகளில் பத்து சதவீதம் குறைந்துவிட்டது. இது புவி மங்கலா?

முதலில் தகடுகளைக் கழுவுங்கள்.

கேள்வி: கைப்பேசிச் செயலி ஒன்றைக் கொண்டு தினமும் நண்பகலில் ஒளியை அளந்து வருகிறேன். ஓராண்டில் 6 சதவீதம் சரிவு தெரிகிறது. இந்தத் தரவு ஆய்வுக்குப் பயன்படுமா?

பயன்படாது. உங்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் கைப்பேசியில் உள்ள உணரி, திரையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வைக்கப்பட்டது. அது கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே உத்தேசமாக அளக்கிறது. சூரிய ஆற்றலில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் இருக்கிறது.

இந்தக் கடிதம் வந்ததை ஒட்டி, நெடுநாளாகச் சொல்லிவரும் ஒன்றை மறுபடியும் சொல்கிறேன். தரைக்கு வரும் மொத்தக் கதிர்வீச்சை அளக்கும் கருவி பைரனோமீட்டர். கருப்பு பூசிய ஒரு சிறு வட்டு, அதன் அடியில் வெப்பத்தை மின்னழுத்தமாக மாற்றும் வெப்ப மின்னிணைகள், மேலே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கண்ணாடிக் குமிழ்கள்; பார்வைக்கு மிக எளிய கருவி. ஆனால் நாள்தோறும் காலையில் யாராவது போய் அந்தக் குமிழைத் துடைக்க வேண்டும். படிந்த தூசு, பறவை எச்சம், பனித்துளி உலர்ந்த கறை ஆகிய ஒவ்வொன்றும் ஒளியைக் குறைத்துக் காட்டும். மட்டம் சாய்ந்திருந்தால் காலை அளவும் மாலை அளவும் ஒத்துவராது. உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் மாற்றப்பட வேண்டும்; மாற்றாவிட்டால் குமிழின் உட்புறம் ஆவி படியும். கருப்புப் பூச்சு ஆண்டுதோறும் வெயிலில் வெளுக்கும். அதனால் கருவியின் உணர்திறன் ஆண்டுக்கு அரை சதவீதம் வரை இறங்கக்கூடும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தரக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால், பத்தாண்டில் அது 5 சதவீதப் பொய்ச் சரிவாகச் சேர்ந்துவிடும். நாம் தேடும் உண்மைச் சரிவோ பத்தாண்டுக்கு 2 அல்லது 3 சதவீதம்! கருவியின் முதுமையை வானத்தின் மங்கலாக வாசிக்கும் ஆபத்து எவ்வளவு பெரியது என்று இதிலிருந்தே தெரியும்.

இந்தத் திருத்தங்களுக்கெல்லாம் அடிப்படையான உலகத் தரக் கருவிகள் சுவிட்சர்லாந்தின் தாவோஸில் உள்ளன; ஐந்தாண்டுக்கு ஒருமுறை பல நாட்டுக் கருவிகள் அங்கே ஒன்றுகூடி ஒப்பிடப்படுகின்றன. மிக உயர்ந்த தரத்தில் அளக்கும் பன்னாட்டு அடிப்படை நிலைய வலையமைப்பு 1992-இல்தான் தொடங்கியது. அதில் இயங்குபவை சில டஜன் நிலையங்களே. அட்சுமு ஓமுரா 1980-களில் ஐரோப்பியப் பதிவுகளில் இந்தச் சரிவை முதன்முதலாகக் கவனிக்க முடிந்தது, அதற்கு முன்பே பல பத்தாண்டுகளாகப் பெயர் தெரியாத பணியாளர்கள் குமிழ்களைத் துடைத்து வைத்திருந்ததால்தான். நீண்ட பதிவுள்ள ஒரு நிலையத்தைச் செலவு மிச்சம் என்று மூடிவிட்டு அருகில் புதியதொரு கருவியை நிறுவுகிறவர்களுக்கு, அறுந்த பதிவைப் பின்னர் எந்தப் பணத்தாலும் ஒட்டவைக்க முடியாது என்பது ஏன் புரியவில்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. ஓர் எண்ணைப் பார்த்தால் எங்கே, எப்போது, எந்தக் கருவியால், யார் பராமரிப்பில் என்று கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: கருவிகள் இவ்வளவு ஐயத்துக்குரியவை என்றால் மங்கலே வெறும் அளவீட்டுப் பிழையாக இருக்கலாமே?

இருக்க முடியாது. கதிர்வீச்சுக் கருவிகளோடு தொடர்பில்லாத வேறொரு பதிவும் அதையே சொல்கிறது. வேளாண் நிலையங்களில் திறந்த உலோகத் தொட்டியில் நீர் வைத்து, நாள்தோறும் எவ்வளவு ஆவியானது என்று அளப்பார்கள். பூமி சூடானால் ஆவியாதல் கூட வேண்டும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் உலகின் பல பகுதிகளில் அது குறைந்தது. ஆவியாதலைத் தீர்மானிப்பதில் வெப்பநிலையைவிட வெயில், காற்றின் வேகம், காற்றின் ஈரப்பதம் ஆகியவற்றின் பங்கு பெரியது. வெயிலின் சரிவு இந்தக் குறைவோடு ஒத்துப்போவதை மைக்கேல் ராடரிக்கும் கிரஹாம் ஃபார்குவாரும் 2002-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். எல்லா நாட்டுக்கும் இதே விளக்கம் பொருந்தாது: ஆஸ்திரேலியாவில் காற்றின் வேகம் தணிந்ததே முதன்மைக் காரணம் என்று பின்னர் தெரியவந்தது.

கேள்வி: புகை பூமியைக் குளிர்விக்கிறது என்றால் அதை ஏன் அகற்ற வேண்டும்?

சல்பேட் துகள்கள் தாழ்ந்த வளிமண்டலத்தில் தங்குவது சில நாட்கள், மிஞ்சினால் ஓரிரு வாரங்கள். கரியமில வாயு தங்குவது நூற்றாண்டுகள். குளிர்ச்சியைக் காக்க வேண்டுமென்றால் புகையை ஓயாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் அடியில் வாயு சேர்ந்துகொண்டே போகும். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் ஆண்டுக்குப் பல லட்சம் பேர் அகாலத்தில் இறக்கிறார்கள் என்பதைக் கணக்கில் சேர்க்காமல் இப்படிக் கேட்பவர்களை என்னால் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. சஹாராப் பாலைவனத்தின் தெற்கு விளிம்பான சாஹேல் பகுதியில் 1970, 80-களில் நேர்ந்த வறட்சியில் வடக்கு அரைக்கோளத்தின் புகைக்கும் பங்கு இருந்ததாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

கேள்வி: 2020-இல் கப்பல் எரிபொருளிலிருந்து கந்தகத்தைக் குறைத்ததுதான் அண்மைய வெப்ப ஏற்றத்துக்குக் காரணமா?

ஒரு சிறு பங்கு அதற்கு உண்டு. அனுமதிக்கப்பட்ட கந்தகத்தின் வரம்பு அந்த ஆண்டு ஜனவரி முதல் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறக்கப்பட்டது. பெரும்பாலான கணிப்புகள் உலகச் சராசரியில் அதன் விளைவை ஒரு டிகிரியின் நூறில் சில பங்காகவே வைக்கின்றன.

கேள்வி: 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் விமானங்கள் மூன்று நாள் பறக்காதபோது வெப்பநிலை மாறியதாமே?

பகலுக்கும் இரவுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 1 டிகிரி விரிந்தது. விமானப் புகைக்கோடுகள் இல்லாததே காரணம் என்று முதலில் கூறப்பட்டது. பின்னர் மறுபடியும் ஆராய்ந்தவர்கள், அந்த நாட்களின் தாழ்மேகங்களும் வழக்கமான வானிலை மாற்றமுமே அதை விளக்கப் போதும் என்றார்கள். ஒரே நாடு, மூன்றே நாட்கள். புவி மங்கலுக்கு அதைச் சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை.