பாக்டீரியா கான்கிரீட் போட்டால் வீட்டில் விரிசலே வராதா?

பாக்டீரியா கலந்த கான்கிரீட் தன் விரிசலைத் தானே அடைத்துக்கொள்ளுமாமே, புதிதாகக் கட்டும் வீட்டுக்கு அதைக் கேட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். லோன் கைக்கு வந்து, பேஸ்மென்ட் முடிந்து, ராத்திரி தூக்கம் வராமல் இந்தக் கான்கிரீட்டைப் பற்றிய வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பதில்: வேண்டாம். ஆனால் உங்கள் கேள்விக்கு ‘அதெல்லாம் ரீல்’ என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறாரே, அதுவும் தப்பு. ரீல் இல்லை. நான் என் கையால் செய்து பார்த்தவள்.

சிவில் கடைசி வருடத்தில் எங்கள் புராஜெக்டே இதுதான். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர் சேமிப்பகத்திலிருந்து ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்ற பாக்டீரியாவை வரவழைத்தோம். உறைந்து உலர்ந்த பொடியாக, சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். பயோடெக் டிபார்ட்மென்ட்டில் கெஞ்சி ஒரு மூலை வாங்கி வளர்த்தோம். இந்தப் பாக்டீரியாவிடம் யூரியேஸ் என்ற நொதி ஏராளம். யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கார்பனேட்டுமாகப் பிரித்துவிடும். பக்கத்தில் கால்சியம் இருந்தால் கார்பனேட் அதோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்புக்கல்லாகப் படியும். மணல் துகள்களுக்கு இடையில் அது படிந்தால் மணல் ஒட்டிக்கொள்ளும். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது.

பெரிய சிரிஞ்சின் அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டி வைத்து, மேலே கழுவிய ஆற்றுமணலை நிரப்பினோம். முதலில் பாக்டீரியா திரவம், கொஞ்ச நேரம் கழித்து யூரியாவும் கால்சியம் குளோரைடும் கலந்த கரைசல். தினமும் இதே வேலைதான். அந்த மூலை முழுக்கக் கழுவாத பஸ் ஸ்டாண்ட் கழிப்பறை நாற்றம். அம்மோனியா வேறு எப்படி நாறும்? பயோடெக் பிள்ளைகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். கடைசியில் சிரிஞ்சை பிளேடால் கீறிப் பிரித்தபோது மணல் உதிரவில்லை. உருளையாக நின்றது. மேல் பாதியில் நகத்தை வைத்து அழுத்தினால் நகம்தான் வலித்தது. அடிப்பக்கம் மட்டும் பொலபொலவென்று கொட்டியது. கரைசலில் பாதி மேலேயே படிந்துவிடுவதால் அப்படி. ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டோம், சொய்ங் என்று நுரைத்தது. சுண்ணாம்புக்கல் என்பதற்கு அதைவிட எளிய சாட்சி கிடையாது. இன்றைக்கும் எனக்கு அதில் பெருமைதான், யார் என்ன சொன்னாலும்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்த உருளையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “கியூப் ஸ்ட்ரென்த் எவ்வளவு கூடியது?” என்றார். கான்கிரீட்டைச் சதுரக் கட்டியாக வார்த்து, நசுக்கிப் பார்க்கும் வலிமை அது. அவர் எதிர்பார்த்த பதில் எனக்குத் தெரியும். கல்லூரி வாசல்களில் ‘புராஜெக்ட் சென்டர்’ என்று போர்டு போட்டிருக்கிறார்களே, அங்கே ‘பாக்டீரியல் கான்கிரீட்’ என்பது இட்லி மாதிரி எப்போதும் சூடாகக் கிடைக்கும் அயிட்டம். கலக்கும் தண்ணீரோடு பாக்டீரியாவை ஊற்று, கியூப் போடு, 28 நாளில் உடை, வலிமை கூடியது என்று ரிப்போர்ட் எழுதி பைண்ட் பண்ணு. ஒப்பிடுவதற்குப் போடும் சாதா கியூபில் வெறும் தண்ணீர் இருக்கும். பாக்டீரியா கியூபில் அதற்குத் தீனியான நியூட்ரியன்ட் பிராத்தும் இருக்கும். வித்தியாசம் எதனால் வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிராத்துக்கு லிட்டருக்கு 13 கிராம் பொடி கரைக்கிறோம், அதில் உப்பே 5 கிராம், மிச்சம் கரிமப் பொருள். கலவைத் தண்ணீரில் கரிமப் பொருள் லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்கிறது. உப்பு கம்பியை என்ன செய்யும் என்பதை உப்புத் தண்ணீரில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். இதைச் சொன்னால் ‘ஸ்டூடன்ட் புராஜெக்ட்டுக்கு இவ்வளவு போதும்’ என்பார்கள். சரி, போதும்தான். அதைப் பார்த்து நீங்கள் தளம் போடாமல் இருந்தால் போதும்.

நிஜமான வேலை நடந்தது நெதர்லாந்தில், டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில். ஹென்க் யோன்கர்ஸ் என்பவர் 2006 வாக்கில் தொடங்கினார். கான்கிரீட்டின் காரத்தன்மை பி.எச். 12-க்கு மேல், சாதாரணக் கிருமி அதில் பிழைக்காது. அதனால் காரத்தைத் தாங்கும் பேசில்லஸ் வகைகளை வித்தாகத் தூங்கவைத்து, கால்சியம் லாக்டேட் என்ற தீனியோடு களிமண் குருணைக்குள் அடைத்தார். விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே வந்தால் அது விழித்து, தின்று, சுண்ணாம்பைப் படியவிடும். அதோடு அங்கிருக்கும் ஆக்சிஜனையும் எடுத்துக்கொள்வதால் கம்பி துருப்பிடிக்காமலிருக்க நல்லது. யூரியா இல்லை, அம்மோனியா நாற்றமும் இல்லை. ஆனால் கெட்டி ஜல்லிக்குப் பதில் பஞ்சு போன்ற குருணை போனால் கான்கிரீட் வலிமை குறையும், விலையும் ஏறும்.

அவர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவை வீடியோக்காரர்கள் பாதிதான் சொல்கிறார்கள். 100 நாள் தண்ணீரில் மூழ்கவைத்ததில் பாக்டீரியா உள்ளது 0.46 மில்லிமீட்டர் விரிசல்வரை அடைத்தது. பாக்டீரியா இல்லாத சாதாவும் 0.18 மில்லிமீட்டர் வரை தானாக அடைத்துக்கொண்டது! மிச்சமிருக்கும் சிமென்ட்டுக்குத் தண்ணீர் கிடைத்தால் அதுவே வேலை செய்யும். ரெண்டுக்கும் தேவை தண்ணீர். மனிதக் கை போக முடியாத சுரங்கப்பாதை, நிலத்தடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி என்றால் இந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு. நாளைக்கு உங்கள் படுக்கையறைச் சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அது பெரும்பாலும் பூச்சில்தான், கான்கிரீட்டில் இல்லை. பூச்சு விரிசலுக்கு டெல்ஃப்டிலிருந்து யாரும் வரமாட்டார்கள்.

இப்போது ஒருவர் ‘நம் முன்னோர் கடுக்காயும் கருப்பட்டியும் புளிக்கவைத்துச் சுண்ணாம்பில் கலந்தார்களே’ என்று கிளம்புவார். உண்மைதான், நானும் அந்தக் கட்டிடங்களின் ரசிகை. ஆனால் அது சுண்ணாம்புக் காரையின் கணக்கு. கம்பி கட்டிய சிமென்ட் தளத்துக்கு அதை இழுக்காதீர்கள்.

நுண்ணுயிரில் எனக்கு நம்பிக்கை இருப்பது விரிசல் அடைப்பதில் இல்லை, சூளையை அணைப்பதில். உலகக் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டால் எரிபொருள் புகை ஒரு பக்கம், கல்லே விடும் வாயு இன்னொரு பக்கம். அமெரிக்காவில் ஜிஞ்சர் க்ரீக் டோசியர் என்ற கட்டிடக் கலைஞர் 2012-இல் பயோமேசன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, சுடாமலே பாக்டீரியாவால் கல் வளர்த்துக் காட்டினார். பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் அலோக் குமார் குழுவும் இஸ்ரோவும் சேர்ந்து நிலா மண்ணைப் போன்ற மண்ணில் எங்கள் அதே பாக்டீரியாவையும் யூரியாவையும் கொத்தவரைப் பிசினையும் போட்டுக் கல் செய்து 2020-இல் காட்டினார்கள். செய்தியைப் படித்தபோது எங்கள் சிரிஞ்சு ஞாபகம் வந்தது. ஆனால் யூரியா வழியில் அம்மோனியாக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. சாக்கடையில் விட்டுவிட்டுப் ‘பசுமை’ என்று சொல்ல முடியாது. பயோடெக் ஆட்கள் சண்டைக்கு வரவேண்டாம், நான் உங்கள் கட்சிதான்.

போன கோடையில் ஒரு வீட்டுக்காரர் எனக்கு இதே வீடியோவை ஃபார்வர்டு செய்து, “மேடம், இந்தப் பவுடர் எங்க கிடைக்கும்?” என்று கேட்டார். மதியம் அவர் சைட்டுக்குப் போனேன். முந்தாநாள் போட்ட தளம் எலும்பு நிறத்தில் வெளுத்துக் காய்ந்துகிடக்கிறது. தண்ணீர் நிறுத்தப் பாத்தி கட்டியிருக்கிறது, தண்ணீர்தான் இல்லை; பாத்திக்குள் ஒரு காக்கா நடக்கிறது. தண்ணீர் டேங்கர் காசை யார் தருவது என்று அவருக்கும் மேஸ்திரிக்கும் தகராறாம். அதே வீட்டுக்கு முகப்பு எலிவேஷனும் ஜிப்சம் சீலிங்கும் லட்சக்கணக்கில். எனக்குத் தரவேண்டிய டிசைன் ஃபீஸில் மட்டும் “படம்தானே மேடம் போட்டீங்க” என்று பாதி பேரம். கம்பி எத்தனை, எங்கே என்று கணக்குப் போட்டவளுக்குப் படம் போட்ட கூலி! இதுவரை மிச்சத்தைத் தரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

விரிசலைக் குறைக்க நீங்கள் செய்யவேண்டியது: தளம் இறுகியதும் மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தச் சொல்லுங்கள். தூண்களுக்குச் சணல் சாக்கு சுற்றி நனைக்கட்டும். நம் ஊரில் பெரும்பாலும் பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமென்ட்; அதற்கு வெயில் காலத்தில் 14 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரெடிமிக்ஸ் வண்டியில் கூடுதல் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள். டேங்கர் காசு யாருடையது என்பதை மேஸ்திரியிடம் வாயால் பேசாமல், ஒப்பந்தத்தில் இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.