ரீசேல் ஃபிளாட் வாங்குறதுக்கு முன்னாடி காசு குடுத்து இன்ஸ்பெக்ஷன் பண்றது வேஸ்ட்டா? பிளம்பிங்ல என்னெல்லாம் பாக்கணும்?

வேஸ்ட் இல்லங்க. வக்கீல் ஒப்பீனியன் வாங்கியாச்சு, பேங்க்ல இருந்தும் ஆள் வந்து பாத்துட்டு போயிட்டாரு, இதுக்கு மேல என்ன பாக்கணும்னு கேட்டிருக்கீங்க. வக்கீல் பாக்குறது பேப்பர். பேங்க் ஆள் பாக்குறது குடுக்குற லோனுக்கு வீடு பெறுமான்னு, அவர் பாத்ரூம் குழாயைத் திறந்து கூட பாக்க மாட்டாரு. செவுத்துக்குள்ள ஓடுற பைப்பை யாருமே பாக்குறதில்ல, பழைய ஃபிளாட்ல குடி போனப்புறம் செலவு இழுத்து விடுறது பெரும்பாலும் அதுதான்.

நான் சென்னையில அபார்ட்மென்ட் சைட்டுகள்ல பிளம்பிங் சூப்பர்வைசர். சொந்தக்காரங்க வீடு பாக்கப் போனா டோக்கன் அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி என்னையும் இழுத்துட்டுப் போயிருவாங்க. நான் போனா முதல்ல அந்த வீட்டுக்குள்ளயே போறதில்ல, நேரா கீழ் வீட்டுக்குப் போய் பெல் அடிச்சு, மேல் ஃபிளாட்ட பாக்க வந்திருக்கோம், உங்க பாத்ரூம் சீலிங்க ஒரு நிமிஷம் பாத்துக்கலாமான்னு கேட்ருவேன். முக்காவாசி பேர் சந்தோஷமா காட்டுவாங்க, ஏன்னா அவங்களுக்கு சொல்ல நிறைய இருக்கும்.

காரணம் இதுதான். நம்ம ஊர் அபார்ட்மென்ட் பாத்ரூம் பெரும்பாலும் சங்கன் ஸ்லாப். மத்த ரூமை விட 8 இன்ச்ல இருந்து 1 அடி வரைக்கும் ஸ்லாபை இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்துல டிரெயின் பைப்பு, நானி டிராப் (தரைத் தண்ணி இறங்குற கிண்ணம்) எல்லாம் வச்சு, செங்கல் உடைசலைப் போட்டு ரொப்பி, மேல டைல்ஸ் ஒட்டிருவாங்க. டிராப் ஜாயின்ட் லேசா விட்டாலோ டைல்ஸ் இடுக்கு வழியா தண்ணி இறங்கினாலோ எல்லாம் அந்தப் பள்ளத்துலயேதான் சேரும். மேல இருக்குறவருக்கு தரை பளபளன்னு இருக்கும், கீழ இருக்குறவர் தலையில சொட்டும்.

சித்தப்பா பையனுக்கு நங்கநல்லூர்ல ஒரு செகண்ட் ஃப்ளோர் ஃபிளாட் பாத்தோம், வீடு முழுக்க புது பெயிண்ட், வாசனை கூட போகல. ஓனரம்மா, மழைக்கு லேசா ஓதம் வரும் தம்பி, வேற ஒண்ணும் இல்லன்னாங்க. பெட்ரூம் வார்ட்ரோப் பாத்ரூம் செவுத்துல சாஞ்ச மாதிரி இருந்துச்சு, அதோட கடைசி தட்டுல இருந்த பெட்ஷீட்டை எடுத்துட்டு பாத்தா பின்னாடி பிளைவுட் உப்பிப் போய் விளிம்புல கறுப்பா பூஞ்சை. பக்கத்துல ஸ்கர்ட்டிங்குக்கு (செவுத்து அடியில ஒட்டுற டைல்ஸ் பட்டை) மேல கட்டைவிரலை வச்சு அழுத்தினேன், புதுப் பெயிண்டோட பட்டி மாவா உதிர்ந்து உள்ள வெள்ளை வெள்ளையா உப்பு. நாங்க போனது ஏப்ரல்ல, மழை எங்க இருந்து வந்துச்சு? மழை ஓதம்னா வெளிச்செவுத்துலயோ மொட்டை மாடிக்குக் கீழயோதான் தெரியும், கோடையில காஞ்சிரும். வருஷம் பூரா ஈரமா இருந்தா அது பைப்பு. குளிச்சு முடிச்ச கொஞ்ச நேரத்துல மட்டும் கூடுச்சுன்னா டிரெயின் பக்கம் பாருங்க, எந்நேரமும் ஒரே மாதிரி இருந்தா பிரஷர்ல இருக்குற சப்ளை லைனைப் பாருங்க. கீழ் வீட்டுலயும் சீலிங்ல காவி நிறத்துல திட்டு, அதுக்கு நேர் கீழ ஒரு பக்கெட். அப்புறம் பேசி, ஓனர் செலவுலயே பாத்ரூமை உடைச்சு வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி, டிராப்பை அடைச்சு ரெண்டு நாள் தண்ணி கட்டி வச்சுப் பாத்து, கீழ சொட்டலன்னு தெரிஞ்சப்புறம்தான் பத்திரம் போட்டோம். உடைக்கும்போது உள்ள இருந்த செங்கல் ஜல்லி பூரா ஊறிப் போய் சாக்கடை நாத்தம், பக்கத்துல நிக்க முடியல.

மத்ததெல்லாம் நீங்களே பாத்துக்கலாம், ஒரு மணி நேரம் அந்த வீட்டுல குடும்பம் நடத்துற மாதிரி தண்ணிய திறந்து விட்டுப் பாருங்க. ஷவர், வாஷ்பேசின், கிச்சன் குழாய் மூணையும் ஒண்ணா திறந்தா எது ஒல்லியாகுதுன்னு தெரியும். 2000க்கு முன்னாடி கட்டின பில்டிங்னா ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு பைப்பா இருக்க வாய்ப்பு அதிகம், போர் தண்ணி உப்புக்கு அது உள்ளயே துரு ஏறி ஓட்டை சின்னதாயிரும், காலைல முதல் தண்ணி காவியா வந்தா சந்தேகமே வேண்டாம். பைப்பெல்லாம் மேலயும் கீழயும் ஓடுற டக்ட்ல எட்டிப் பாத்து, கிரீம் கலர் பைப்பு தெரிஞ்சா அது சிபிவிசிங்கிற பிளாஸ்டிக் பைப்பு, அதுவரைக்கும் மாத்தியிருக்காங்க, ஆனா செவுத்துக்குள்ள மாத்தினாங்களான்னு தனியா கேளுங்க (வெளிய மட்டும் மாத்திட்டு எல்லாம் புதுசுன்னு சொல்றவங்க உண்டு). ஃப்ளஷ் டேங்க்ல நாலு சொட்டு உஜாலா விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் பண்ணாம விடுங்க, கோப்பையில நீலம் இறங்கினா வாஷர் போயிருச்சு, அது சின்ன செலவுதான். டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்ச உப்பு அளவைக் காட்டும்) இருந்தா தண்ணியையும் பாத்துருங்க, ஐஎஸ் 10500ங்கிற இந்தியத் தர அளவுப்படி குடிதண்ணிக்கு 500 வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லன்னா 2000.

காசு வாங்கிட்டு வர்ற இன்ஸ்பெக்டர்கிட்ட மாய்ஸ்ச்சர் மீட்டரும் தெர்மல் கேமராவும் இருக்கும். பெயிண்டுக்குப் பின்னாடி ஈரம் எங்க ஓடுதுன்னு அதுல பிடிச்சிரலாம், நம்ம கட்டைவிரலுக்கு அது வராது. ஆனா அவரும் செவுத்தை உடைச்சுப் பாக்க மாட்டாரு, அதனால ரிப்போர்ட்ல போட்டோவோட எந்த இடம், எவ்வளவு ஈரம்னு எழுதித் தரச் சொல்லுங்க, விலை பேச அதுதான் உதவும். முத்திரைத் தீர்வை 7 பர்சென்ட், பதிவுக் கட்டணம் 2 பர்சென்ட்னு கட்டப் போறவங்க இந்த ஃபீஸுக்கு யோசிக்கிறதுதான் எனக்குப் புரியல.

பில்டிங் புதுசா இருந்தா பொசஷன் தேதியை (பில்டர் வீட்டை ஒப்படைச்ச தேதி) கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க. 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் பிரிவு 14(3) படி அந்த தேதில இருந்து 5 வருஷத்துக்குள்ள வேலைத்தரத்துல குறைன்னு சொன்னா, பில்டர் 30 நாள்ல காசு வாங்காம சரி பண்ணித் தரணும்.

அப்புறம் மேல் வீடு. உங்க பாத்ரூம் சீலிங் ஒழுகினா உடைக்க வேண்டியது அவர் வீட்டுத் தரையை, அவர் சம்மதிக்கலன்னா நீங்க காசு வச்சிருந்தும் பிரயோஜனம் இல்ல. மேல ஓனரே இருக்காரா, இல்ல வெளிநாட்டுல உக்காந்துட்டு வாடகைக்கு விட்டிருக்காரா, முன்னாடி இந்த மாதிரி தகராறு வந்திருக்கான்னு அசோசியேஷன் செக்ரட்டரிகிட்ட கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.