ஸ்னோடிராப் (குளிர்காலக் கடைசியில் பூக்கும் சிறிய வெள்ளைப் பூச்செடி) கிழங்கு நட்டால் பாதிகூட முளைப்பதில்லையே, ஏன்? எப்படிப் பெருக்குவது?

பிரிட்டனில் செப்டம்பர் வாக்கில் பாக்கெட்டில் விற்கும் கிழங்கு பெரும்பாலும் காய்ந்தே வருகிறது. கிழங்கு சின்னது, மேல்தோல் மெல்லியது. ஈரம் சீக்கிரம் போய்விடும். தவறு உங்கள் நடவில் இல்லை.

பூ உதிர்ந்து இலை பச்சையாக இருக்கும்போதே, பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ, செடியாகவே வாங்கி அன்றே நடுங்கள். இலையடியில் வெள்ளை பச்சையாக மாறும் இடம் தெரியும். மண்மட்டம் அங்கே நிற்கட்டும். ஆழம் 8 முதல் 10 செ.மீ., இடைவெளி சுமார் 8 செ.மீ. குளிர்காலத்தில் இலை உதிர்க்கும் மரத்தடிதான் மிக நல்ல இடம்: பூக்கும்போது வெளிச்சம், கோடையில் நிழல். இலைமட்கு தாராளமாகக் கலக்கலாம். தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

பெருக்க எளிய வழி, 3 அல்லது 4 ஆண்டுக்கு ஒருமுறை, இதே பருவத்தில், முட்கரண்டி மண்வெட்டியால் குத்தை முழுதாகக் கிளப்பி, இரண்டு மூன்று கிழங்காகப் பிரித்து நடுவது. பிரிக்காத குத்தில் நெரிசலால் பூ குறைந்து இலையே மிஞ்சும். அந்த இலையைத் தானாக மஞ்சளாகும்வரை தயவுசெய்து வெட்டாதீர்கள். அடுத்த ஆண்டுப் பூவுக்கான உணவை அதுதான் கிழங்கில் சேர்க்கிறது.

விதையில் ஒட்டிய சதைக்காக எறும்புகள் அதைத் தூக்கிச் சென்று பரப்பும். ஆனால் விதைச்செடி பூக்க 3, 4 ஆண்டாகும். அடுக்கு இதழ் கொண்ட ‘ஃப்ளோர் பிளீனோ’ என்ற வகை விதை தராது. அதைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும்.

இலையில் சாம்பல் பூஞ்சை படர்ந்தால் அந்தக் குத்தைத் தோண்டி அழித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். கிழங்கு நச்சுள்ளது, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.