வெட்டவெளியில் கேட்பது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அரங்கில் மட்டுமே இசை கேட்டுப் பழகியவன். விளக்கை அணைத்து, கதவைச் சாத்தி, இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு கேட்கிற ரகம். இந்தக் கோடையில் நண்பர்கள் வற்புறுத்தி மூன்று நாள் திறந்தவெளி இசைவிழா ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்ததிலிருந்து மனம் ஒப்பவே இல்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. பல ஆண்டுகளாக நான் கேட்டுவரும் குழு பிற்பகலில் பெரிய மேடையில் பாடியது. கூட்டத்தின் பின்கோடியில்தான் இடம் கிடைத்தது. காற்று ஒரு பக்கம் அடித்தால் குரல் வரும், திசை மாறினால் டிரம்ஸின் தும் தும் மட்டும். திரையில் பாடகர் வாயை மூடிய பிறகுதான் பாட்டு வந்து சேர்கிறது. சுருதியும் விலகியிருந்ததாகப் பட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒரு பாட்டுக்காவது பேச்சை நிறுத்த வேண்டுமே! வேடிக்கை என்னவென்றால், அதே இடத்தில் இரவு வேறொரு குழுவைக் கேட்டபோது ஒலி தெளிவாக இருந்தது. வெயிலுக்கு ஒதுங்கப் போய், ஒரு சின்ன மேடையின் கூரை நிழலில் முன்பின் கேட்டிராத ஒரு பெண் அக்கார்டியன் வாசித்துப் பாடியதைக் கேட்டேன். அது நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கடைசி நிகழ்ச்சிக்குக் காத்திருக்கத் தெம்பில்லை, கிளம்பிவிட்டேன். அதற்காகத்தான் டிக்கெட்டே எடுத்தது.

இசை கேட்க இதுவா இடம்? பன்னிரண்டு வயது மகள் அடுத்த ஆண்டு தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறாள். கூட்டிப்போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் புகார்கள் எல்லாமே நியாயமானவை. சுருதி விலகியது உங்கள் காதின் பிரமையாக இருக்க வாய்ப்பில்லை. வெயிலில் கிட்டார் கம்பி விரிந்து தொய்யும், சுருதி இறங்கும். புல்லாங்குழல், ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகளில் உள்ளே இருக்கும் காற்று சூடேறுவதால் சுருதி ஏறும். இரண்டும் ஒரே மேடையில் இருந்துவிட்டால் ஆளுக்கொரு திசையில் நகரும். நடுவே நிறுத்தி நிறுத்திச் சுருதி சேர்க்கிறார்களே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், பிழைப்பே அதில்தான் இருக்கிறது.

பிற்பகலில் கலைந்து வந்த ஒலி இரவில் தெளிந்ததற்கும் காரணம் உண்டு. சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். பிற்பகலில் தரையை ஒட்டிய காற்றுதான் அதிகச் சூடு. அதனால் கீழே போகும் ஒலி முந்த, மேலே போவது பிந்த, மொத்த ஒலியும் வளைந்து வானத்தைப் பார்த்துப் போய்விடுகிறது. பின்வரிசைக்காரர்களின் தலைக்கு மேலே பாட்டு பறந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பொழுது சாய்ந்து தரை குளிர்ந்ததும் நிலைமை தலைகீழாகும், ஒலி தரைப்பக்கம் வளைந்து இறங்கும். காற்று வீசும்போதும் இதே கதைதான். மேடையிலிருந்து உங்களை நோக்கி வீசினால் ஒலியைக் கீழே இறக்கித் தரும், எதிர்த்து வீசினால் மேலே தூக்கிக்கொண்டு போகும். இதோடு, தூரம் கூடக்கூட மேல்சுருதி ஒலிகளைக் காற்று உறிஞ்சிவிடும், கீழ்சுருதி அவ்வளவாகக் குறையாது. உங்களுக்கு மிஞ்சிய தும் தும் அதுதான்.

திரைக்கும் பாட்டுக்கும் இடையே விழுந்த இடைவெளியை மைதானம் முழுவதற்கும் சேர்த்துச் சரிசெய்ய யாராலும் முடியாது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும், கடும் வெயிலில் 350 மீட்டர். மேடையிலிருந்து 150 மீட்டர் தள்ளி நின்றால் அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவான தாமதம். உங்களுக்குப் பக்கத்துக் கோபுரத்தில் தொங்கிய ஸ்பீக்கர்களைக்கூட வேண்டுமென்றே அதே அளவு தாமதித்துத்தான் ஒலிக்க விடுகிறார்கள். இல்லாவிட்டால் ஒரே சொல் இரண்டு தடவை காதில் விழும்.

பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் அரங்கில் வாயாடி ஒருவர் பக்கத்தில் அமைந்துவிட்டால் விதியே என்று இருக்க வேண்டும். இங்கே எழுந்து நடக்கலாம். நீங்கள் ஏன் நடக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். அரங்கப் பழக்கத்தில் கிடைத்த இடத்தையே இருக்கை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். மைதானத்தின் நடுவில், மேடைக்கு நேர் எதிரே, சவுண்ட் இன்ஜினியர் ஒலிகளைக் கலக்கும் மிக்சர் கருவியோடு உட்கார்ந்திருக்கும் கூடாரத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் தன் காதுக்கு எது நன்றாகக் கேட்கிறதோ அப்படித்தான் ஒலியைக் கலக்குகிறார். ஆகவே அந்தக் கூடாரத்துக்குப் பக்கவாட்டில் நிற்பவருக்கு அவர் கேட்பதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். அங்கே நெரிசல்தான் மிச்சம், ஒலியும் சமமாக இராது. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கின் ரோஸ்கில்டே விழாவில் மேடைக்கு முன்னால் ஏற்பட்ட நெரிசலில் ஒன்பது பேர் இறந்தார்கள். கூட்டத்தில் கையைத் தூக்கினால் இறக்க இடமில்லை என்று தோன்றிய உடனே பக்கவாட்டில் வெளியேறிவிடுவது நல்லது.

இது இசை கேட்கும் இடமா என்பதற்கு ஒருவரையே இரண்டு மேடைகளில் வைத்துப் பார்க்கலாம். 1967 ஜூனில் கலிஃபோர்னியாவின் மான்டரே விழாவில் ஞாயிறு பிற்பகலை சிதார் கலைஞர் ரவிசங்கருக்கென்றே ஒதுக்கினார்கள், தபலாவில் அல்லா ரக்கா. ராக் இசைக்கு வந்த கூட்டம் உட்கார்ந்து கேட்டது, முடிவில் எழுந்து நின்று கைதட்டியது. இரண்டு ஆண்டு கழித்து நியூயார்க் மாநிலத்தில் நடந்த வுட்ஸ்டாக் விழாவில் அதே ரவிசங்கர் வெள்ளி இரவு மழையில் வாசித்தார். சுமார் நான்கு லட்சம் பேர் திரண்ட விழா அது. அந்த அனுபவத்தைப் பின்னாளில் அவர் கசப்போடுதான் நினைவுகூர்ந்தார். இரண்டுமே வெட்டவெளிதான், இரண்டுமே கோடைதான். மான்டரேயில் இருந்தது இருக்கைகள் போட்ட, அளவான இடம். வெட்டவெளி இசையைக் கெடுப்பதில்லை, கேட்க முடியாத அளவுக்குப் பெருகிய கூட்டம் கெடுக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

மழையும் வெயிலும் ராக் விழாக்களுக்கு மட்டும் வருவதல்ல. 1937 ஆகஸ்டில் அமெரிக்காவின் டாங்கிள்வுட் விழாவில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழு ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசையை வாசித்துக்கொண்டிருந்தபோது இடி மழை வந்து கச்சேரியைக் குலைத்தது. நிதி திரட்டி மறு ஆண்டே ஒரு கொட்டகை கட்டினார்கள். கூரை போட்டார்கள், சுவர் வைக்கவில்லை. இன்றும் உள்ளே இருக்கைகளில் ஒரு கூட்டமும் வெளியே புல்தரையில் ஒரு கூட்டமுமாகக் கேட்கிறார்கள்.

கடைசி நிகழ்ச்சியைத் தவறவிட்டதற்காக வருந்துகிறீர்கள். வுட்ஸ்டாக் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். ஞாயிறு இரவு முடிய வேண்டிய விழா மழையால் தள்ளிப்போய், அவர் மேடையேறியபோது திங்கள் காலை ஆகிவிட்டது. அதற்குள் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். நீங்கள் தனியாள் இல்லை!

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று நாளில் உங்களுக்கு நன்றாக இருந்தது அந்த அக்கார்டியன்காரப் பெண்ணின் பாட்டுதான். வெயிலும் டிரம்ஸும் பத்தி முழுக்க இருக்க, அவருக்கு நீங்கள் கொடுத்தது இரண்டு வரி. எந்த மொழியில் பாடினார், என்ன பாடினார், எத்தனை பேர் கேட்டார்கள், ஒன்றும் எழுதவில்லை. முன்பின் தெரியாத ஒருவரின் கச்சேரிக்கு நீங்கள் அரங்கில் டிக்கெட் எடுத்துப் போயிருப்பீர்களா? நிச்சயம் மாட்டீர்கள். வெயில் துரத்தியதால் கேட்டீர்கள். விழாக்களுக்கு நான் போவதே இந்த விபத்துக்காகத்தான். பெரிய பெயர்களைக் கேட்க அரங்கும் நல்ல ஹெட்போனும் போதும். ஒரே நேரத்தில் நான்கு மேடைகளில் நிகழ்ச்சி வைத்து நம்மை அலைக்கழிக்கும் அமைப்பாளர்கள் மீது எனக்கும் கோபம் உண்டு, ஆனால் அந்த அலைச்சலில்தான் இப்படிப்பட்டவர்கள் அகப்படுகிறார்கள்.

மகளைக் கூட்டிப்போங்கள். மூன்று நாளும் வேண்டாம், ஒரு நாள் போதும். அவள் காதுக்குச் சத்தத்தைத் தடுக்கும் நல்ல இயர் மஃப் வாங்குங்கள், உங்களுக்கும் இயர் பிளக். தொழிலிடங்களுக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் வகுத்த கணக்குப்படி 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். பெரிய மேடைக்கு அருகே 100 என்பது சர்வசாதாரணம். வளரும் பிள்ளையின் காதை வைத்துச் சோதனை செய்யக் கூடாது.

தொப்பியும் தண்ணீரும் சொல்லாமலே தெரியும். உச்சி வெயிலில் கூரையுள்ள மேடைகள், இறங்கு பொழுதில் பெரிய மேடை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல், குமட்டல் என்று அவள் சொன்னால் அந்தப் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் நிழலுக்கும் முதலுதவிக் கூடாரத்துக்கும் போய்விட வேண்டும். அத்தனை பேர் ஒரே இடத்தில் கூடினால் செல்போன் சிக்னல் திணறும், ஆகவே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று உள்ளே நுழைந்ததும் ஓர் இடத்தைக் காட்டி வையுங்கள். அவள் போகலாம் என்றால் மேடையில் யார் இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர்களில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள், அடியில் பொடி எழுத்தில் இருப்பவற்றை அவளிடம் விட்டுவிடுங்கள்.