மியூனிக்கா, லைப்சிக்கா: 14,000 யூரோவில் கைக்கு வருவது எவ்வளவு?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கோவையில் எட்டு வருடம் டெவலப்பர் வேலை. இப்போது ஜெர்மனியில் இரண்டு ஆஃபர், மியூனிக்கில் வருடத்துக்கு 72,000 யூரோ, லைப்சிக்கில் 58,000. ஏப்ரலில் சேர வேண்டும். மனைவி சாஃப்ட்வேர் டெஸ்டர், அடுத்த பொங்கலை ஊரில் முடித்துவிட்டு வருவதாக இருக்கிறார். "14,000 யூரோ என்றால் ஏறக்குறைய பதினான்கு லட்சம் ரூபாய், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அண்ணா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

யோசிக்க நிறைய இருக்கிறது. நான் 2014 மார்ச்சில் மியூனிக் வந்தேன், இன்றும் இங்கேதான் இருக்கிறேன். இந்த ஊர் எனக்குப் பிடிக்கும். ஆனால் வந்தபோது நானும் ஆஃபர் லெட்டரில் இருந்த எண்ணை மட்டும்தான் பார்த்தேன்.

அந்த எண்ணுக்கு இங்கே புரூட்டோ என்று பெயர். பிடித்தமெல்லாம் போக வங்கியில் விழுவது நெட்டோ. பிடித்தம் இரண்டு வகை. ஒன்று வருமான வரி, இன்னொன்று சமூகக் காப்பீடு. காப்பீட்டில் ஓய்வூதியத்துக்கு உங்கள் பங்கு 9.3 சதவீதம், வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3, மருத்துவத்துக்கு 2025-இல் சுமார் எட்டரை, முதுமைப் பராமரிப்புக்குக் குழந்தை இல்லாதவர் என்றால் 2.4. நிறுவனமும் ஏறக்குறைய இதே அளவு தன் பங்கைக் கட்டும்.

2025 விகிதங்களை வைத்து உங்களுக்காகக் கணக்குப் போட்டேன். மனைவி இன்னும் வராத நிலையில் உங்களை வரி வகுப்பு 1-இல்தான் வைப்பார்கள். திருமணம் ஆனவர்தான், ஆனாலும் மனைவி இந்தியாவில் இருக்கும்வரை வரிக் கணக்கில் நீங்கள் தனி ஆள். அந்த வகுப்பில் 72,000-க்கு மாதம் சுமார் 3,650 யூரோ கைக்கு வரும், 58,000-க்குச் சுமார் 3,020. மாதம் 630 யூரோதான் வித்தியாசம். வருடத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு சொச்சம். அந்தப் பதினான்காயிரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவே.

ஊருக்கு ஊர் பிடித்தமும் கொஞ்சம் மாறும். லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் பராமரிப்புக் காப்பீட்டுக்குத் தொழிலாளி மற்ற மாநிலங்களைவிட அரை சதவீதம் கூடுதலாகக் கட்டுகிறார். இதற்கு ஒரு கதை உண்டு. 1995-இல் இந்தக் காப்பீட்டைக் கொண்டுவந்தபோது, முதலாளிகளின் செலவை ஈடுகட்ட நவம்பரில் வரும் ஒரு புராட்டஸ்டண்ட் விடுமுறை நாளை மற்ற மாநிலங்கள் எல்லாம் விட்டுக்கொடுத்தன. சாக்சனி மட்டும் விடவில்லை. அந்த விடுமுறைக்கு விலையாக உங்களிடம் மாதம் 24 யூரோ போகும். மேலே சொன்ன 3,020-இல் இதையும் கழித்துவிட்டேன்.

சர்ச் வரி என்று ஒன்றும் இருக்கிறது. முகவரி பதியப் போகும்போது படிவத்தில் மதம் கேட்பார்கள். கத்தோலிக்கர் என்றோ இங்குள்ள புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்தவர் என்றோ எழுதினால், வருமான வரித் தொகையில் மியூனிக் இருக்கும் பவேரியாவில் 8 சதவீதம், சாக்சனியில் 9 சதவீதம் சர்ச்சுக்குப் போகும். மியூனிக் சம்பளத்தில் இது வருடம் ஆயிரம் யூரோவைத் தாண்டும். கட்டுவது நல்ல விஷயம்தான், ஆனால் தெரிந்து கட்டுங்கள்.

இனி வாடகை. மியூனிக்கில் இருவருக்கு 60 சதுர மீட்டர் வீடு 1,300 யூரோவுக்குக் கிடைத்தால் உடனே கையெழுத்துப் போடுங்கள். அதுவும் 'கால்ட்' வாடகை, அதாவது வெறும் சுவருக்கான பணம். ஹீட்டிங், தண்ணீர், குப்பை எல்லாம் சேர்த்து 'வார்ம்' வாடகை 1,600 பக்கம் போகும். அதே அளவு வீடு லைப்சிக்கில் வார்ம் வாடகை 800-க்குள் கிடைக்கும். அட்வான்ஸாக மூன்று மாதக் கால்ட் வாடகை வரை கேட்கலாம் என்பது சட்டம். மியூனிக்கில் நீங்கள் 3,900 யூரோ புரட்ட வேண்டும், சட்டப்படி அதை மூன்று மாதத் தவணையாகவும் கட்டலாம். லைப்சிக்கில் அதில் பாதிகூட இல்லை. கோவையிலிருந்து வரும்போது கையில் எவ்வளவு கொண்டுவர முடியும் என்று இப்போதே பாருங்கள்.

மனைவி வந்து முகவரி பதிந்தபின் நீங்கள் வரி வகுப்பு 3-க்கு மாறலாம், தம்பதியில் ஒருவரிடம் மாத வரியைக் குறைவாகப் பிடிக்கும் வகுப்பு அது. அப்போது மியூனிக்கில் 4,110, லைப்சிக்கில் 3,390 வரும். வாடகையைக் கழித்தால் மியூனிக்கில் மிஞ்சுவது 2,510, லைப்சிக்கில் 2,590. பதினான்கு லட்சம் என்று சொன்னவர்களிடம் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

அப்படியானால் லைப்சிக் போகச் சொல்கிறேனா? இல்லை. ஒருவர் சம்பளத்தில் குடும்பம் நடத்துவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு லைப்சிக் என்று சொல்லியிருப்பேன். உங்கள் மனைவி வேலை பார்ப்பவர். நீங்கள் புளூ கார்டில், அதாவது படித்த வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை-குடியிருப்பு அனுமதியில் வந்தால் அவருக்கு விசாவுக்கு ஜெர்மன் மொழிச் சான்றிதழ் தேவையில்லை, வந்த நாளிலிருந்து எந்த வேலையும் பார்க்கலாம். ஆனால் ஜெர்மன் தெரியாத ஒரு டெஸ்டருக்கு ஆங்கிலத்திலேயே வேலை தரும் அலுவலகங்கள் மியூனிக்கில்தான் அதிகம். அந்த இரண்டாவது சம்பளம் வந்துவிட்டால் வாடகை ஒரு பொருட்டே இல்லை. நீங்களும் இரண்டு மூன்று வருடத்தில் நிறுவனம் மாறும்போது 72-இலிருந்து பேசுவீர்கள், 58-இலிருந்து அல்ல. ஓய்வூதியக் கணக்கிலும் கூடுதலாகச் சேரும். அதனால் என் ஓட்டு மியூனிக்குக்குத்தான். குழந்தைக்குத் திட்டமிட்டு, அவர் கொஞ்ச காலம் வீட்டில் இருந்து நிதானமாக ஜெர்மன் படிக்க விரும்பினால் லைப்சிக் போங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். சம்பாதிக்காத மனைவிக்கும் குழந்தைக்கும் அரசு முறை மருத்துவக் காப்பீட்டில் தனிக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் இருக்கும் நண்பரின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது இதை மறந்துவிடாதீர்கள். என் மகள் பிறந்தபோது பிரசவத்துக்கு எங்களிடம் யாரும் பில் நீட்டவில்லை.

இரண்டு பேரும் சம்பாதிக்க ஆரம்பித்தால் 3-5 வகுப்பா (ஒருவரிடம் குறைவாகவும் மற்றவரிடம் அதிகமாகவும் பிடிப்பது), 4-4 வகுப்பா (இருவரிடமும் ஒரே மாதிரி பிடிப்பது) என்று குழப்புவார்கள். மாதா மாதம் பிடிப்பதுதான் மாறும். வருடக் கடைசியில் சேர்த்துக் கணக்குக் காட்டும்போது மொத்த வரி ஒன்றுதான், பயப்படாதீர்கள்.

ஆனால் பொங்கல் விஷயத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். என் மனைவியும் அப்படித்தான், 2015 ஜனவரியில் பொங்கல் வைத்துவிட்டு 20-ஆம் தேதி வந்து இறங்கினார். இங்கே கணவனும் மனைவியும் ஒரு காலண்டர் ஆண்டில் ஒரு நாளாவது ஒன்றாக இந்த நாட்டில் குடியிருந்தால், அந்த ஆண்டு முழுவதற்கும் சேர்த்து வரிக் கணக்குக் காட்டலாம். இருவர் வருமானத்தையும் கூட்டிப் பாதியாகப் பிரித்து வரி போடுவதால், ஒருவர் சம்பளம் குறைவாக இருந்தால் மொத்த வரி குறையும். அவர் டிசம்பர் கடைசி வாரம் வந்து முகவரி பதிந்திருந்தால் 2014-இல் நான் கட்டிய வரியில் இரண்டாயிரம் யூரோவுக்கு மேல் திரும்பி வந்திருக்கும். எனக்கு இது தெரியவந்தது அடுத்த ஆண்டு, ஒரு வரி ஆலோசகர் சொல்லித்தான். அந்தப் பணத்தில் அம்மாவையும் அப்பாவையும் அந்தக் கோடையிலேயே அழைத்து வந்திருக்கலாம் என்று நெடுநாள் வருந்தினேன்.

மியூனிக் சம்பளத்தில், ஏப்ரலிலிருந்து ஒன்பது மாதத்துக்கு, உங்களுக்கு இது மூவாயிரம் யூரோ அளவில் வரும். உங்கள் மனைவியின் இந்தியச் சம்பளத்தையும் வரி விகிதம் பார்க்க எடுத்துக்கொள்வார்கள், அதையும் சேர்த்துத்தான் இந்த மதிப்பு. அதனால் விசா அப்பாயின்ட்மென்டை முன்கூட்டியே போடுங்கள். திருமணச் சான்றிதழைச் சரிபார்க்கச் சொன்னால் மாதக்கணக்கில் இழுக்கும், அதை இந்த வாரமே எடுத்து வையுங்கள். டிசம்பர் 15-க்குள் டிக்கெட். முகவரி பதிய நகர அலுவலகத்தில் நேரம் கிடைப்பது கடினம், அதையும் நவம்பரிலேயே வாங்கிவிடுங்கள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், பச்சரிசியும் வெல்லமும் இங்கே கிடைக்கிறது.